கம்பெனி செட்டை மாற்றாமல் சப் வூஃபரும் ஆம்பிளிஃபையரும் இணைப்பது எப்படி?

#1 மார்த்தாண்டம் மைந்தன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2018-இல் வாங்கிய ஸ்விஃப்ட் உள்ளது. கம்பெனியிலிருந்தே வந்த டச் ஸ்கிரீன் செட்டில் ஸ்டியரிங் பொத்தான்களும் ரிவர்ஸ் கேமராவும் இணைந்திருப்பதால் அதைக் கழற்ற எனக்கு மனமில்லை. ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் எனக்கு, தவில் ஓசை தகரத்தில் தட்டுவதுபோல் கேட்பது சலித்துவிட்டது. பெட்டியுடன் கூடிய 10 அங்குல சப் வூஃபர் ஒன்றும், 300 வாட் ஆர்எம்எஸ் (அதாவது தொடர்ந்து தாங்கும் சக்தி) தரும் மோனோ ஆம்பும் பார்த்து வைத்திருக்கிறேன்.

செட்டின் பின்புறம், ஆம்புக்குச் சிக்னல் எடுக்கும் ஆர்சிஏ சாக்கெட் எதுவும் இல்லை. ஒரு கடையில் பின் ஸ்பீக்கர் வயரை வெட்டி, அதன் சிக்னலை ஆர்சிஏ சிக்னலாக மாற்றும் கன்வெர்ட்டர் போட வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கடையில் செட்டையே மாற்றினால்தான் சரிவரும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 கோட்டாறு வயர்மேன்

தம்பி, செட்டை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. ஆம்ப் வாங்கும்போது அதில் ஹை லெவல் இன்புட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், பின் ஸ்பீக்கருக்குப் போகும் நான்கு வயர்களிலிருந்தும் கிளை எடுத்து நேராக ஆம்பிலேயே கொடுத்துவிடலாம். வயரை வெட்டவும் வேண்டாம். உங்கள் செட்டுக்குப் பொருந்தும் ஆண், பெண் கப்ளர் கடையில் கிடைக்கும். அதை நடுவில் செருகி, அதிலிருந்து கிளை எடுத்தால் கம்பெனி வயரில் கத்தியே படாது. நாளைக்கு வண்டியை விற்கும்போது கழற்றிவிட்டுப் பழையபடி செருகிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் வயரில் மைனஸ் என்று குறிக்கப்பட்டிருப்பது பெயருக்குத்தான் மைனஸ். அது எர்த் அல்ல. இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தனித்தனியான இரு சிறு ஆம்புகள் எதிரெதிராகத் தள்ளி இழுக்கின்றன. 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு ஓரளவுக்காவது சத்தம் எடுக்க அதுதான் வழி. அதனால் செட் ஓடும்போது இரண்டு வயர்களும் பேட்டரி வோல்ட்டேஜில் பாதியில், அதாவது சுமார் 6 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். மீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பாடியிலும் சிவப்பு முனையை ஸ்பீக்கர் மைனஸிலும் தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்த மைனஸை யாராவது பாடியில் இணைத்துவிட்டால் அது நேரான ஷார்ட். செட் தன்னைத் தானே அணைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஐசி போய்விடும். என் மேசைக்கு ஊமையாகி வந்து சேரும் செட்டுகள் பலவற்றின் கதை இதுதான்.

#3 தக்கலை ரசிகன்

வயர்மேன் அண்ணாச்சி சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் என் வண்டியில் நல்ல லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் போட்டு ஐந்து ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஆம்பை எழுப்புவதற்கான ரிமோட் சிக்னலையும் அதுவே தருகிறது. பிற்காலத்தில் வேறு ஆம்ப் வாங்கினாலும் ஹை லெவல் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. ஆர்சிஏ வயரும் பவர் வயரும் ஒரே பக்கமாகப் போகாமல், ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமுமாகப் போனால் எஞ்சின் வேகத்தோடு ஏறும் சீழ்க்கைச் சத்தமும் வராது.

#4 கோட்டாறு வயர்மேன்

கன்வெர்ட்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆம்பிலேயே அந்த வேலை நடக்கும்போது, நடுவில் இன்னொரு பெட்டியும் நான்கு இணைப்புகளும் எதற்கு என்றுதான் கேட்கிறேன். தெருவோரத்தில் கிடைக்கும் மலிவான கன்வெர்ட்டர்களில் சிலவற்றில் இடது, வலது மைனஸ்களை உள்ளே ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன காரணத்தால் அது கூடவே கூடாது. சீழ்க்கைச் சத்தத்தைப் பொறுத்தவரை, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் விடாத சப் ஆம்பில் அது பெரும்பாலும் கேட்கவே கேட்காது. கதவு ஸ்பீக்கர்களுக்கும் நான்கு சேனல் ஆம்ப் போடுகிறவர்களின் தலைவலி அது.

ரிமோட்டுக்கும் அந்த 6 வோல்ட்டே உதவும். ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்புகளில் பல, ஸ்பீக்கர் வயரில் அந்த வோல்ட்டேஜ் வந்ததும் தாமே எழுந்து, அது போனதும் தாமே அணைந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள். தனி ரிமோட் வயர் இழுக்கும் வேலை மிச்சம்.

#5 முட்டம் அலை

சிக்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பவர் வயரைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதில் சூடுபட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஆம்ப் போட்டுத் தந்தவர், ஃபியூஸைப் பின்னால் ஆம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் கிரோமெட்டும் போடவில்லை. தகட்டின் விளிம்பில் உரசி உரசி, ஒரு நாள் மணவாளக்குறிச்சி தாண்டி வரும்போது வயரின் உறை அறுந்து செம்பு பாடியில் தொட்டது. பின்னாலிருந்த ஃபியூஸ் என்ன செய்யும்? கரண்ட் அது வரைக்கும் வரவே இல்லையே. டேஷ்போர்டுக்குள் புகை கிளம்பியதும் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி எறிந்தேன். கையில் இரண்டு கொப்புளங்களோடு போனது.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்பை அல்ல, வயரை. ஆகவே அது பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள் இருந்தே ஆக வேண்டும்.

#6 மார்த்தாண்டம் மைந்தன்

படிக்கவே பயமாக இருக்கிறது, அண்ணே. அப்படியானால் 300 வாட் ஆம்புக்கு எந்தத் தடிமனில் வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று யாராவது கணக்கோடு சொல்ல முடியுமா? கடையில் 1500 வாட் என்று அச்சிட்ட வயரிங் கிட் ஒன்றைக் காட்டினார்கள்.

#7 தக்கலை ரசிகன்

அட்டையில் அச்சிட்ட வாட்டை மறந்துவிடுங்கள். கிளாஸ் டி என்ற புதிய வகை ஆம்பின் திறன் சுமார் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 300 வாட் வெளியே வர 375 வாட் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் அதை வகுத்தால் ஏறக்குறைய 27 ஆம்பியர் வருகிறது. ஆகவே 30 ஆம்பியர் ஃபியூஸ், 8 கேஜ் வயர். பழைய கிளாஸ் ஏபி ஆம்பாக இருந்தால் திறன் இன்னும் குறைவு. வயரும் ஒரு படி தடிக்க வேண்டும். கார் சாமான் கடையில் கேஜ் கணக்கு, எலக்ட்ரிகல் கடையில் சதுர மில்லிமீட்டர் கணக்கு என்பதால் குழம்ப வேண்டாம்: 8 கேஜ் என்பது சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர், 4 கேஜ் என்பது சுமார் 21.

மலிவான கிட்டுகளில் இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர். அலுமினியம் செம்பைப் போல ஐந்தில் மூன்று பங்குதான் மின்சாரத்தைக் கடத்தும். ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

#8 குலசேகரம் ரப்பர்

பெட்டியை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். ஸ்டெப்னி பள்ளத்தில் இடம் மிச்சமாகிறது என்று நினைத்து நான் ஆம்பை அங்கே படுக்க வைத்தேன். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. டிக்கி ரப்பர் பீடிங் சிறிது தளர்ந்திருந்ததில் அந்தப் பள்ளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றதை, ஆம்ப் ஊமையான பிறகே கண்டேன். பின் சீட்டின் முதுகில் ஒரு பலகை வைத்து அதில் திருகுவதே பாதுகாப்பு. பெட்டியையும் பட்டையால் கட்டிவிடுங்கள். பேச்சிப்பாறை பக்கத்து வளைவுகளில் அது டிக்கிக்குள் நடமாடத் தொடங்கினால், பிறகு பாட்டைக் கேட்க மாட்டீர்கள், பெட்டியைத்தான் கேட்பீர்கள்.

#9 சுசீந்திரம் தேரடி

இடையில் ஒரு சந்தேகம். என்னுடையது சிக்னலில் தானே அணைந்து எழும் ஸ்மார்ட் ஹைப்ரிட் வண்டி. பேட்டரியின் மைனஸ் முனையில் சிறு கருவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ஆம்பின் எர்த்தை அந்த முனையிலேயே கொடுக்கலாமா?

#10 கோட்டாறு வயர்மேன்

வேண்டாம். அந்தக் கருவி பேட்டரியிலிருந்து போகும் கரண்ட்டையும் வரும் கரண்ட்டையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நேராக முனையில் கொடுத்தால் ஆம்ப் இழுக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருப்பதாக அது தவறாக நினைத்துக்கொள்ளும். பாடியிலேயே எர்த் எடுங்கள்.

#11 மார்த்தாண்டம் மைந்தன்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்பையே வாங்கினேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் பொருத்தியும் தந்தார்கள். முதல் நாள் பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது கேட்ட தவிலுக்கு ஈடு இல்லை. அதன் பிறகு மூன்று சிக்கல்கள் வந்திருக்கின்றன.

ஓண விடுமுறைக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற ஓசை மட்டும்தான், பேட்டரி இறங்கிவிட்டது. அடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால், பலமான அடி விழும் ஒவ்வொரு முறையும் ஆம்ப் ஒரு நொடி அணைந்து திரும்ப எழுகிறது. மூன்றாவது, வால்யூம் 20 வரை பாஸ் அருமையாக இருக்கிறது, 30-க்குப் போனால் கதவு ஸ்பீக்கர்கள் மட்டும் கத்துகின்றன, பாஸ் பின்தங்கிவிடுகிறது. கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி, வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது.

#12 கோட்டாறு வயர்மேன்

பேட்டரிக்குக் காசைக் கொட்டாதீர்கள். முதலில், சாவியை எடுத்து அரை மணி நேரம் கழித்து ஆம்பின் விளக்கைப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்தால், ரிமோட் முனையில் யாரோ நிரந்தர 12 வோல்ட்டைக் கொடுத்திருக்கிறார்கள். சும்மா விழித்திருக்கும் ஆம்பே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இரண்டு நாளுக்கு 48 மணி நேரம். 35 ஆம்பியர் அவர் பேட்டரி அதற்குத் தாங்காது என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

இரண்டாவதற்கு மீட்டர் வேண்டும். பாட்டை வைத்து அளக்க முடியாது, எண் நிற்காது. போனில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பு ஒன்றை இறக்கி, செட்டில் ஓடவிடுங்கள். எஞ்சின் ஓடட்டும். மீட்டர் டிசியில் இருக்கட்டும். முதலில் பேட்டரி முனைகளில் அளங்கள். பிறகு ஆம்பின் பவர், எர்த் முனைகளில் அளங்கள். அடுத்ததுதான் முக்கியம்: நீளமான வயர் ஒன்றை இழுத்து, பேட்டரி மைனஸுக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் நடுவே அளங்கள். இரண்டும் ஒரே எர்த்தாக இருந்தால் அங்கே ஒன்றும் காட்டக் கூடாது, காட்டினாலும் 0.1 வோல்ட் சுற்றளவில் இருக்க வேண்டும். காட்டும் எண் எவ்வளவோ அவ்வளவையும் உங்கள் எர்த் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஒலியை அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள், சப்பின் காயில் சூடேறும்.

#13 மார்த்தாண்டம் மைந்தன்

அண்ணாச்சி, நீங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களோ என்று தோன்றுகிறது. ஆம்பின் விளக்கு அணையவே இல்லை. ரிமோட் வயரைப் பவர் முனையோடு சேர்த்தே முறுக்கியிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, ஆம்பிலுள்ள ஆட்டோ சுவிட்சைத் தள்ளினேன். இப்போது செட்டோடு எழுகிறது, செட்டோடு தூங்குகிறது.

அளவுகள் இவை. பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்ப் முனைகளில் 11.7. பிளஸ் வயரில் 0.5 வோல்ட்டும், எர்த் பக்கத்தில் 1.7 வோல்ட்டும் தொலைகின்றன. எஞ்சின் அணைந்திருந்தால் ஆம்புக்கு 10 வோல்ட்தான் போய்ச் சேரும். அது ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது விளங்கிவிட்டது.

பின் சீட்டைத் தூக்கி எர்த்தைத் தேடினேன். சீட் பெல்ட் போல்ட்டின் கீழ், பெயிண்ட்டைச் சுரண்டாமல், வயர் நுனியில் லக் என்ற உலோக வளையமும் போடாமல், வெறும் இழைகளை முறுக்கிச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அதில் பச்சை பூத்திருக்கிறது. இவ்வளவுக்கும் என் வீடு கடற்கரையில்கூட இல்லை.

#14 முட்டம் அலை

சீட் பெல்ட் போல்ட்டை உடனே பழையபடி, உரிய இறுக்கத்தில் மாட்டுங்கள். உயிர் காக்கும் போல்ட்டில் வயரைச் சுற்றுவதை என்னவென்று சொல்வது! பாடியில் தனி இடம் தேர்ந்தெடுங்கள். கீழே பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ இல்லை என்று பார்த்த பிறகே துளை போடுங்கள். காசளவு வட்டத்தில் எமரித்தாளால் பெயிண்ட் போய்ப் பளபளக்கும் வெறும் தகடு தெரியும் வரை தேய்த்து, நன்கு கிரிம்ப் செய்த லக், நட்சத்திர வாஷர், போல்ட், நட் என்று வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு அதன் மேலும் சுற்றிலும் பெயிண்ட் அல்லது கிரீஸ் பூசுங்கள். முன்னால் பூசினால் அதுவே தடையாகிவிடும். எங்கள் கரையில் இந்தப் பூச்சு இல்லாத எர்த் ஓர் ஆண்டு தாக்குப்பிடித்தால் அதிசயம்.

#15 மார்த்தாண்டம் மைந்தன்

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போனது. புதிய எர்த், 40 சென்டிமீட்டர் நீளத்தில். பவர் வயரையும் வெட்டிப் பார்த்தேன். உறையில் 8 கேஜ் என்று அச்சு, உள்ளே வெள்ளை இழைகள், அதுவும் என் பேனா ரீஃபில் தடிமனுக்குத்தான். அசல் செம்பு வயர் 5 மீட்டர் வாங்கி மாற்றினேன். இப்போது பிளஸ் பக்கத்தில் 0.2, எர்த் பக்கத்தில் 0.06. எஞ்சினை அணைத்து அடித்துப் பார்த்தும் ஆம்ப் கண் சிமிட்டவில்லை.

மூன்றாவது சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

#16 தக்கலை ரசிகன்

அது உங்கள் வயரிங்கின் குறை அன்று. கதவிலுள்ள சிறு ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்கட்டும் என்று, வால்யூம் ஏற ஏறப் பாஸைக் குறைக்கும்படி பல கம்பெனி செட்டுகளை அமைத்திருக்கிறார்கள். உறுதிப்படுத்த வேண்டுமானால் மீட்டரை ஏசியில் வைத்து, பின் ஸ்பீக்கர் வயரில் 50 ஹெர்ட்ஸையும் 200 ஹெர்ட்ஸையும் மாற்றி மாற்றி அளங்கள். சாதாரண மீட்டர்களில் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது என்பதால் அதற்கு மேல் போக வேண்டாம்.

#17 மார்த்தாண்டம் மைந்தன்

வால்யூம் 20-இல் 50 ஹெர்ட்ஸ் 3.2 வோல்ட், 200 ஹெர்ட்ஸ் 3.3. வால்யூம் 30-இல் 50 ஹெர்ட்ஸ் 4.0, 200 ஹெர்ட்ஸ் 7.1. ஏறக்குறைய 5 டெசிபல் பாஸை செட்டே விழுங்கிவிடுகிறது. இதற்கு மருந்து உண்டா?

#18 தக்கலை ரசிகன்

இழந்த பாஸைத் திரும்பக் கூட்டித் தரும் பிராசஸர்கள் விற்கின்றன. விலை உங்கள் ஆம்பைத் தாண்டலாம். நான் பரிந்துரைப்பது வேறு. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூம் எதுவோ அதில் கெயினை அமைத்துவிட்டு, ஆம்போடு வந்த பாஸ் குமிழை ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் திருகிவிடுங்கள். சத்தம் கூட்டும் நாளில் குமிழையும் சிறிது கூட்டிக்கொள்ளலாம்.

கெயினைக் காதால் அமைக்காதீர்கள். கெயின் என்பது வால்யூம் அன்று. செட் தரும் வோல்ட்டேஜுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. பாஸ் பூஸ்ட்டைச் சுழியில் வைத்து, சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டேஜை அளந்துகொண்டே மெல்லத் திருப்புங்கள். எந்த எண்ணில் நிறுத்துவது என்றால், வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4 ஓம் சப்புக்கு 300 வாட் என்றால் 34.6 வோல்ட். உங்கள் சப் 200 வாட்தான் தாங்கும் என்றால் 28.3-இல் நிறுத்திவிடுங்கள். இரட்டைக் காயில் சப்பாக இருந்தால், இரண்டு 4 ஓம் காயில்களைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம், தொடர் இணைப்பில் 8 ஓம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஆம்ப் 2 ஓம் தாங்கும் என்று அதன் கையேட்டில் இருந்தால் மட்டுமே பக்க இணைப்பு.

#19 கோட்டாறு வயர்மேன்

அதோடு ஆம்பிலுள்ள, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0-விலும் 180-இலும் மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். எதில் பாஸ் நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி. சரி தவறு என்று கையேட்டில் தேட வேண்டாம், பெட்டி பார்க்கும் திசையைப் பொறுத்து அது மாறும்.

#20 மார்த்தாண்டம் மைந்தன்

கெயின் 28-இல், மேல் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ பாஸ் 80 ஹெர்ட்ஸில், ஃபேஸ் 180-இல். குமிழ் கியர் லிவருக்குப் பக்கத்தில். அண்ணன்மார்கள் மூவருக்கும் அடுத்த முறை தக்கலையில் தேநீர் என் செலவு.

#21 முட்டம் அலை

தேநீர் இருக்கட்டும். ஐப்பசி மழை முடிந்ததும் அந்த எர்த்தை இன்னொரு முறை அளந்து எழுதுங்கள்.

#22 மார்த்தாண்டம் மைந்தன்

மூன்று வாரம் விடாத மழைக்குப் பிறகு நேற்று அளந்தேன். 0.07.